சாட்சியும் அனுதாபமும்

எங்கள் ஐயா காலமானபின் அவருடைய றங்குப்பெட்டியைத் திறந்து பார்த்தபோது, காணி உறுதிகளுக்கும் தொழிற்சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டுகளுக்கும் அடியில், சணற் கயிற்றினால் கட்டப்பட்ட பத்திரிகை நறுக்குகளின் கட்டொன்று கிடந்தது. தாள்கள் பழுத்து, மடிப்புகளில் ஒடிந்து போயிருந்தன. அத்தனையும் ஒரே வழக்கைப் பற்றியவை.

1951 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9 ஆம் திகதி, கொழும்பு பம்பலப்பிட்டியில், சென்ற் ஒல்பன்ஸ் பிளேஸ் என்னும் ஒழுங்கையிலிருந்த வீடொன்றில் ஒரு பெண்மணி கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய கணவர் மகாதேவ சதாசிவம். இலங்கைக் கிரிக்கெட் அணியின் தலைவராக விளங்கியவர். 1947 இல் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்திலே தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் எடுத்துப் புகழ்பெற்றவர். கொலைக்குற்றம் அவர் மீது சாட்டப்பட்டது. அவருக்கெதிராகச் சாட்சி சொல்ல வந்தவன் அந்த வீட்டு வேலையாள், வில்லியம் என்னும் தென்னிலங்கைக் கிராமத்து இளைஞன். வேலைக்கு வந்து இரண்டு வாரமும் ஆகாதவன்.

எங்கள் ஐயா அக்காலத்திலே கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். 1947 ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தில் பங்குபற்றியவர். இடதுசாரி இயக்கத்தில் அவர் வைத்திருந்த நம்பிக்கை இறுதிவரை குன்றவில்லை. வழக்கு 1953 இலேயே முடிந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டு விறாந்தையில் அது பல ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், வெள்ளவத்தையில் ஒரு பிரக்கிராசியிடம் எழுதுவினைஞராக இருந்த எங்கள் அயலவர் ஒருவர் வந்து குந்துவார். ஐயாவிலும் மூத்தவர். இருவருக்கும் இந்த வழக்கிலே ஒருநாளும் இணக்கம் ஏற்பட்டதில்லை.

“அண்ணை, அந்தப் பெடியன் பாவம். வயித்துப்பாட்டுக்கு வந்தவன். பெரிய வீட்டுக் கொலைக்கு ஒரு ஏழையைப் பலி குடுக்கப் பாத்தாங்கள்” என்பார் ஐயா.

“தம்பி, பாவம் எண்டது சாட்சியில்லை” என்பார் அவர்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். என் மனம் முற்றிலும் ஐயாவின் பக்கமே இருந்தது. வீட்டுத்தலைவன் கொலை செய்வான், வேலைக்காரன் தூக்குமேடை ஏறுவான் என்பது உலகத்து நியதி என்றும், அதைத் தடுப்பதே முற்போக்காளனின் கடமை என்றும் நான் விளங்கிக்கொண்டேன். ஒரேயொரு செய்திதான் இடறியது. சதாசிவத்துக்காக வாதாடிய அப்புக்காத்து வேறு யாருமல்லர். கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். 1940 இல் பிரித்தானிய ஆட்சியினாற் சிறையிலிடப்பட்டு, 1942 இல் சிறையிலிருந்து தப்பியவர். எங்கள் ஐயா படத்தை மாட்டி வைத்திருந்த தலைவர். அவரா ஒரு வேலைக்காரப் பையனைக் குறுக்குவிசாரணை செய்து நொறுக்குவது? இந்தக் கேள்வி எழும்போது ஐயா பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வழக்கை நான் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு தவற்றினால். அந்தத் தவறு என்னுடையது.

1970களின் தொடக்கத்தில் வன்னியிலே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாக இருந்தேன். விளையாட்டுப் போட்டிக்கென்று பிள்ளைகளிடம் சேர்த்த பணம், நாற்பது ரூபா சொச்சம், ஒரு தகரப் பேணியில் இட்டு என் மேசை லாச்சியில் வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை பார்த்தபோது பேணியைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வகுப்பறையைக் கூட்டுவதற்கென்று கடைசியாக நின்றவன் ஒரு கூலித் தொழிலாளியின் மகன். அதுவரை வெறுங்காலுடன் வந்த பையன் அன்று புதுச்செருப்புடன் வந்திருந்தான். அவனை அழைத்தேன்.

“நான் எடுக்கேல்லை, சேர்.”

“அப்ப இந்தச் செருப்பு எங்காலை வந்தது?”

அவன் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் அவனை அடிக்கவில்லை, வைய்யவுமில்லை. வகுப்பின் முன்னிலையிலே, “வறுமையினாற் செய்திருப்பாய், நான் உன்னைக் குறைசொல்ல மாட்டேன், பணத்தைத் தந்துவிடு” என்றேன். மிகவும் கருணையுடன் நடந்துகொண்டதாக எனக்கு எண்ணம். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. பின்னர் வரவேயில்லை.

மூன்று மாதங்களின் பின் மேசையை வேறு வகுப்புக்கு மாற்றுவதற்காக லாச்சியை முழுவதுமாக இழுத்து வெளியே எடுத்தோம். அதன் பின்பலகை கறையான் அரித்து உடைந்திருந்தது. அந்த இடுக்கின் வழியே பின்னே விழுந்து, மேசையின் அடிச்சட்டத்தில் தங்கியிருந்தது அந்தப் பேணி. பணம் ஒரு சதமும் குறையவில்லை.

பேணியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தாயார் மட்டுந்தான் இருந்தார். செருப்பு, அருவிவெட்டுக் கூலியில் தகப்பன் வாங்கிக் கொடுத்தது என்றார். “இனி என்ன, வாத்தியார். அவன் இப்ப தேப்பனோடை வயலுக்குப் போறான்” என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணீர் வைக்க உள்ளே போனார். அந்தத் தேத்தண்ணீரைக் குடித்தது போன்ற கடினமான காரியத்தை நான் என் வாழ்நாளிற் செய்ததில்லை.

நான் செய்த பிழை யாது? ஏழைமீது எனக்குப் பகை இருந்ததா? இல்லை. எனக்கு அவன்மீது அனுதாபம் இருந்தது. அந்த அனுதாபமே என் கண்ணை மறைத்தது. ஏழை என்றால் திருடத் தேவை இருக்கும் என்று அது எனக்குச் சொல்லிற்று. கடைசியாக நின்றான் என்பது உண்மை, புதுச்செருப்பு உண்மை, அவன் மௌனமும் உண்மை. மூன்று உண்மைகளையும் கோத்து ஒரு பொய்யைச் செய்தவன் நான். பையனின் காலைச் சோதித்த நான், என் மேசையின் லாச்சியைச் சோதிக்கவில்லை.

அதன் பின்னரே பம்பலப்பிட்டி வழக்கை முறையாகப் படித்தேன். பிரதிவாதி தரப்பிலே சாட்சியளித்தவர், எடின்பரோப் பல்கலைக்கழகத்தின் சட்ட வைத்தியப் பேராசிரியர் சேர் சிட்னி ஸ்மித். நியூசிலாந்திற் பிறந்து, எகிப்தில் நெடுங்காலம் பணியாற்றி, உலகப் புகழ்பெற்ற நிபுணர். 1959 இல் அவர் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் இந்த வழக்கும் இடம்பெற்றிருக்கின்றது. ஐயாவின் நறுக்குகளையும் அந்நூலையும் பக்கத்திற் பக்கம் வைத்து, ஒவ்வொரு சான்றையும் தனித்தனியே எடைபோட முயன்றேன்.

முதலில் நோக்கம். கணவன் மனைவியரிடையே பிணக்கு முற்றியிருந்தது. மனைவி விவாகரத்துக் கோரி வழக்குத் தொடுத்திருந்தார். கொலைக்கு முந்திய இரவு கணவர் அந்த வீட்டிலே தங்கியிருந்தார். இது பாரதூரமான சூழ்நிலைதான். ஆனால் நோக்கம் என்பது ஒருவன் செய்யக்கூடும் என்பதைக் காட்டுமேயன்றிச் செய்தான் என்பதைக் காட்டாது. எத்தனை வீடுகளிற் பிணக்கு இருக்கின்றது! மேலும், இறந்தவரின் நகைகள் வேலையாளிடம் போயிருந்தன. நகை ஆசையும் ஒரு நோக்கமே. ஆகவே நோக்கம் என்னும் எடைக்கல் இரண்டு தட்டுகளிலும் கிடக்கின்றது.

அடுத்து, வேலையாளின் ஓட்டமும் நகைகளும். அவன் அன்றே வீட்டை விட்டுப் போய்விட்டான். பின்னர் தென் மாகாணத்திலே பிடிபட்டான். தனியே செய்தவனும் ஓடுவான். எசமானின் ஏவலுக்கு உடந்தையாக இருந்தவனும் ஓடுவான். அவன் முகத்திலும் கைகளிலும் கீறற்காயங்கள் இருந்தன. நெரிபடுகின்ற ஒருவர் உயிருக்குப் போராடும்போது நகங்களாற் பிறாண்டிய காயங்கள் என்று கொள்ள இடமுண்டு. எனினும் அவன் கதையின்படியே அவன் பிடித்துக்கொண்டிருந்தவன்; பிடித்தவனும் பிறாண்டப்படுவான். காயங்கள் அவன் அவ்விடத்தில் இருந்தான் என்பதை உறுதிசெய்கின்றன. வேறொருவர் உடனிருந்தாரா என்ற வினாவுக்கு அவை விடை சொல்வதில்லை.

இவ்விடத்திலே தான் பலர் தடுமாறுகின்றனர். ஒரு தடயம் நம் எண்ணத்தோடு பொருந்தினால் அது நம் எண்ணத்தை நிரூபித்துவிட்டதாகக் கருதுகிறோம். அது மறுதரப்பின் கதையோடும் பொருந்துமா என்று கேட்பதில்லை. இரு கதைகளோடும் ஒத்துப்போகும் சான்று, பார்வைக்கு எவ்வளவு பயங்கரமானதாயினும், தராசை அசைப்பதில்லை. ஒரு கதையோடு மாத்திரம் பொருந்தி மற்றதோடு முரண்படும் சான்றைத் தேடவேண்டும். இந்த வழக்கில் அத்தகையவை இரண்டு: இடமும் நேரமும்.

கொலை படுக்கையறையில் நடந்ததென்றும், பின்னர் உடலைக் கராஜுக்குத் தூக்கிச் சென்றதாகவும் வேலையாள் சொன்னான். உடல் கராஜிலேதான் கிடந்தது. கழுத்தின் மேல் ஒரு மர உரல் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் இறந்தவரின் உள்ளங்கால்களில் அழுக்குப் படிந்திருந்தது. சுத்தமான படுக்கையறைத் தரையில் நின்றவருக்கு அவ்வழுக்கு எப்படி ஒட்டும்? தூக்கிச் செல்லப்பட்ட ஒருவரின் பாதங்கள் நிலத்திற் படிய வழியில்லையே! அவர் சமையலறையிலே வெறுங்காலுடன் நின்றபோது தாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஸ்மித்தின் முடிபு. வேலையாளின் இடம் சமையலறை. பிரேதத்தின் பாதங்கள், சாட்சிக் கூண்டேறிய நாவுக்கு மாறாகச் சாட்சி சொல்லின.

இனி நேரம். கணவர் அன்று காலை ஏறத்தாழப் பத்தரை மணிக்கு வாடகைக் கார் ஒன்றில் ஏறி வீட்டை விட்டுப் புறப்பட்டார். ஆகவே முழு வழக்கும் ஒரு வினாவிலே வந்து நின்றது: அப்பெண்மணி இறந்தது பத்தரைக்கு முன்பா, பின்பா? கண்ட சாட்சி இல்லை. உடலிடமே கேட்க வேண்டியிருந்தது. உயிருள்ள உடலின் வெப்பம் ஏறத்தாழ 98.4 பாகை. உயிர் பிரிந்தபின் அது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை நோக்கிச் சிறிது சிறிதாக இறங்கும். தசைகள் ஓர் ஒழுங்கின்படி விறைக்கும். இரைப்பையில் எஞ்சிய உணவு, உண்டபின் எவ்வளவு நேரம் சென்றது என்பதற்கு ஓரளவு குறிப்புத் தரும். இவை மூன்றில் எதுவும் மணிக்கூடு அன்று. குளிர்நாட்டுக் கணக்குப்படி இங்கே கணித்தாற் பிழைவரும்; காற்றே சூடாக இருக்கும் நாட்டில் உடல் மெதுவாகவே குளிரும். பிரேத பரிசோதனை செய்தவர் இலங்கைப் பல்கலைக்கழகச் சட்ட வைத்தியப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம். அளவுகளை எல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, அவை கணவர் வெளியேறிய பின்னரே மரணம் நிகழ்ந்திருக்கலாம் என்ற பக்கத்தையே வலுப்படுத்தின.

ஒரு நுட்பத்தை மறக்கலாகாது. பத்தரைக்குப் பின்னரே மரணம் நேர்ந்தது என்று ஐயமற நிறுவவேண்டிய பொறுப்பு எதிரியிடம் இல்லை. பத்தரைக்கு முன்னரே நேர்ந்தது என்று ஐயமற நிறுவவேண்டிய பொறுப்பு அரச தரப்பிடமே இருந்தது. பின்னர் நேர்ந்திருக்க நியாயமான இடமிருந்தாலே போதும், வழக்கு வீழும். 

எஞ்சியிருப்பது வேலையாளின் வாய்மொழி. அவனுக்கு நிபந்தனையுடனான மன்னிப்பு வழங்கப்பட்டிருந்தது. தன் கழுத்துக் கயிற்றை மற்றொருவர் கழுத்துக்கு மாற்றியவனின் சொல் அது. 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தை அடியொற்றி ஆக்கப்பட்ட நமது 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம், இவ்வாறான சாட்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்கின்றது. உடந்தையாளியின் சாட்சியத்தைக் கொண்டு மாத்திரம் ஒருவரைக் குற்றவாளியாக்குவது சட்டவிரோதம் அன்று என்பது 133 ஆம் பிரிவு. முக்கியமான அம்சங்களில் வேறு சான்று துணைநின்றாலன்றி அவன் நம்பத்தகாதவன் என்று ஊகிக்கலாம் என்பது 114 ஆம் பிரிவின் உதாரணம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவாகும்: கேள், ஆனால் தனியே நம்பாதே. இங்கேயோ துணைநிற்க வேண்டிய பாதமும் வெப்பமும் எதிர்த்து நின்றன.

சூழ்நிலைச் சான்று என்றால் தாழ்ந்த சான்று என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கண்ணாற் கண்டேன் என்பவன் பொய் சொல்லலாம். உள்ளங்காலின் அழுக்குப் பொய் சொல்லாது. ஆனால் அழுக்குக்கு நாவில்லை. அதற்காக நாம் பேசும்போது நம் விருப்பத்தைப் பேசிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான். 1866 இல் பொலொக் என்னும் ஆங்கில நீதிபதி, சூழ்நிலைச் சான்றைச் சங்கிலிக்கு அன்றி, பல புரிகள் சேர்ந்த கயிற்றுக்கே ஒப்பிடவேண்டும் என்றார். ஒரு புரி தாங்காத பாரத்தைப் பல புரிகள் தாங்கும் என்பது கருத்து. நல்ல உவமைதான். ஆயினும் என் பள்ளிக்கூடத்தில் நான் திரித்த கயிற்றிலும் மூன்று புரிகள் இருந்தன. கயிறு எவ்வளவு தடிப்பானது என்று பார்த்தாற் போதாது. அதே புரிகளைக் கொண்டு வேறொரு கயிறும் திரிக்கலாமா என்று பார்க்கவேண்டும். குற்றமற்றவன் என்னும் நியாயமான விளக்கம் ஒன்றேனும் எஞ்சியிருக்கும்வரை குற்றவாளி என்று சொல்லலாகாது என்பதே நம் நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் வற்புறுத்தி வந்த விதி.

நீதியரசர் ஈ. எப். என். கிராஷியன் முன்னிலையில், 57 நாட்கள் விளக்கம் நடந்தது. 1953 ஜூனில் யூரர் எழுவரும் ஒருமனதாகச் “சுற்றவாளி” என்று தீர்ப்பளித்தனர். ஏறத்தாழ இருபது மாதங்கள் மறியலில் இருந்த சதாசிவம் வெளியே வந்தார். 1977 இல் அவர் காலமானார்.

ஆகவே ஐயாவின் முடிவு தவறு. அயலவரின் வாக்கே சரி. பாவம் என்பது சாட்சியில்லை. கொல்வின் செய்ததும் தம் கொள்கைக்குத் துரோகம் அன்று. தூக்குக் கயிற்றின் முன்னே நிற்பவன் செல்வனா வறியனா என்று கேட்டு அழுக்கையும் வெப்பத்தையும் அளக்க முடியாது. அவ்வாறு அளக்கத் தொடங்கினால், நாளை அதே அளவுகோலை ஆளும் வர்க்கம் நம்மீது வைக்கும்போது எதிர்த்துப் பேச நமக்கு வாயிராது.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் அது அரைவாசி உண்மையே. யூரர் சொன்னது சதாசிவத்தின் குற்றம் நிறுவப்படவில்லை என்பது. வில்லியம் கொலைகாரன் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புக் கூறவில்லை. அவன் எதிரிக் கூண்டில் நின்று தன் பக்கத்தைச் சொல்லவுமில்லை. நிபுணர் ஒருவரின் முடிபு தீர்ப்பாகாது. ஒரு தட்டு இறங்கியதனால் மறுதட்டில் இருப்பவனைத் தூக்கிலிடலாம் என்று நினைப்பது தராசை அறியாதவன் வேலை.

வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்த வழக்கைச் சற்றுப் புரட்டிப் போடுவோம். தனி வேலையாள் ஒருவன் எதிரிக் கூண்டில் நிற்கிறான்; எசமானர் அவனுக்கெதிராகச் சாட்சி சொல்கிறார்; நகைகள் அவன் கையில்; காயங்கள் அவன் முகத்தில்; ஓடியும் போனான். அவனுடைய வழக்கு 57 நாட்கள் நடந்திருக்குமா? பாதத்தின் அழுக்கை யாராவது குனிந்து பார்த்திருப்பார்களா? எடின்பரோவிலிருந்து அவனுக்காக ஒரு பேராசிரியர் வந்திருப்பாரா? இந்நாட்டு வெப்பத்தில் மனித உடல் எவ்வாறு குளிர்கின்றது என்பதைப் பேராசிரியர் டி சேரமும் உடன் ஆய்வாளரும் அளந்து 1955 இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் அளந்த உடல்கள், வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டவர்களுடையவை. ஒருவரின் உயிரைக் காக்கும் விஞ்ஞானம் மற்றவர்களின் பிணங்களிலிருந்து கற்கப்பட்டது. அந்தத் தூக்குத் தண்டனைக் கைதிகளில் எத்தனை பேரின் வழக்கில் நேரத்தையும் இடத்தையும் இவ்வளவு நுணுக்கமாக எடைபோட்டார்கள்? ஐயா கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. செல்வனுக்குக் கிடைத்த நீதி அநீதியல்ல. அந்த நீதி வறியவனுக்குக் கிடையாமையே அநீதி.

நமது இலக்கியத்தின் பெருங்காப்பியம் ஒன்று இத்தகைய வழக்கிலிருந்தே வெடித்து எழுகின்றது. மதுரைக்கு வந்த அந்நியன் ஒருவன் கையிலே ஒரு சிலம்பு. அரசியின் சிலம்போ காணாமற் போயிருக்கின்றது. களவுபோன பொருள் போன்றதொன்று கையில் இருப்பது வலிய சூழ்நிலைச் சான்று என்பதை மறுக்கமுடியாது. குற்றஞ்சாட்டிய பொற்கொல்லனே அந்தக் களவுக்கு உரியவன் என்பதை மன்னன் ஆராயவில்லை, கோவலனைக் கேட்கவுமில்லை. பின்னர் ஒரு பெண் வந்து சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்துப் பரல்; உடைந்த சிலம்பில் மாணிக்கப் பரல். ஒரு நொடியிற் செய்திருக்கக்கூடிய சோதனை! கோவலன் உயிருடன் இருந்தபோது அதைச் செய்ய ஒருவரும் இருக்கவில்லை. கண்ணகியின் கோபத்தைப் பாடும் நாம், அவள் ஒரு தடயச் சோதனையையே கோரினாள் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

அந்தச் சிலம்பு நம் காலத்திலும் உடைபடுகின்றது. 2015 இல் கொட்டதெனியாவையில் ஒரு சின்னஞ்சிறு பெண்குழந்தை கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. பதினேழு வயதுப் பள்ளி மாணவன் ஒருவனும் வேறொருவரும் கைதுசெய்யப்பட்டனர். பின்னர் இன்னொருவன் பிடிபட்டான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஊரெல்லாம் உடனே தீர்ப்புக் கூறியாயிற்று; தூக்குமேடையை மீண்டும் திறக்கும்படி குரல்களும் எழுந்தன. மரபணுச் சோதனையோ அவர்கள் எவருடனும் பொருந்தவில்லை. ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்பட்டவனுடனும் பொருந்தவில்லை. இறுதியில் அது சுட்டிக்காட்டிய வேறொருவனே 2016 இல் குற்றவாளியாகக் காணப்பட்டான். அன்று ஊரின் கொதிப்புக்கு இணங்கியிருந்தால், குற்றமற்ற ஒருவன் கொலைகாரனாகவே எழுதப்பட்டிருப்பான்.

ஒப்புதல் வாக்குமூலம் எவ்வளவு வழுக்கலான தரை என்பதை நமது பழைய சட்டம் அறிந்திருந்தது. பொலிஸ் அலுவலரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதலை எதிரிக்கெதிராக நிறுவலாகாது என்றது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம் அந்தக் கதவை உடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகரும் அவருக்கு மேற்பட்ட தரத்தினரும் பெற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்க வழிசெய்தது. தடயத்தைத் தேடும் உழைப்பைவிட வாயைத் திறக்கவைக்கும் உழைப்பு அதிகாரத்துக்கு எளிதாயிற்று. அதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதை நம் இளைஞர்களின் பெற்றோர் அறிவர்.

1978 இன் 27 ஆம் இலக்கச் சட்டத்தாற் சட்ட உதவி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது நல்ல காரியமே. ஆனால் வறிய எதிரிக்கு ஓர் அப்புக்காத்துக் கிடைத்தாற் போதாது. ஆய்வுகூடமும் கிடைக்கவேண்டும், அரச நிபுணரை எதிர்த்துக் கேள்வி கேட்கவல்ல மற்றொரு நிபுணரும் கிடைக்கவேண்டும், அவசரப்படாத நாட்களும் கிடைக்கவேண்டும். இந்நாட்டில் 1976 க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனினும் மரணதண்டனை என்னும் தீர்ப்பு ஒழியவில்லை. தூக்குக் கயிற்றை மீண்டும் எடுக்கும்படி கூவுகின்றவர்கள், முதலில் லாச்சியை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தார்களா என்று நாம் கேட்கவேண்டும்.

இதனை ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் நீதிமன்றம் வகுப்பறையே. அங்கே சான்றுக் கட்டளைச் சட்டம் இல்லை, யூரர் இல்லை, மேன்முறையீடு இல்லை. ஒரு பேனை காணாமற்போனால் நம் கண் முதலில் எந்தப் பிள்ளையின் பக்கம் திரும்புகின்றது என்பதை நாமே கவனித்துப் பார்த்தால், நம் மனத்திலுள்ள வர்க்கமும் சாதியும் துலாம்பரமாகத் தெரியும். அனுதாபம் நல்லது, அது கேள்வி கேட்கும் துணிவைத் தரட்டும். விடையைச் சான்றே சொல்லட்டும்.

ஐயாவின் நறுக்குகளில் கடைசித் தாளை, தீர்ப்பு வெளிவந்த நாளிற்குரியதை, அண்மையில் மீண்டும் பிரித்துப் பார்த்தேன். ஓரத்திலே பென்சிலால் அவருடைய கையெழுத்து: “கால் அழுக்கு — விசாரிக்க வேண்டும்.” அவர் இறுதிவரை விறாந்தையில் அதை ஒப்புக்கொண்டதில்லை. ஆயினும் அவர் மனத்திலும் அந்த அழுக்கு ஒட்டியிருந்தது என்று அறிந்தபோது, அவர்மேல் எனக்கிருந்த மதிப்புச் சிறிது கூடிற்று.

அந்தப் பேணி இன்னும் என்னிடம் இருக்கின்றது. பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். பையனுக்குக் கொடுக்கவேண்டியது கொடுபடாமலே இருக்கின்றது.